போர்க்காலத்தில் பிள்ளைகளின் படிப்பு அறுபடாமல் காப்பது எப்படி?

ஒரு பகுதியில் போர் மூண்டதும் அங்குள்ள பள்ளிகளைப் பற்றி வெளியே வரும் முதல் செய்தி, பெரும்பாலும் இடிந்த கட்டடங்களின் எண்ணிக்கையாகவே இருக்கிறது. அந்த எண்ணிக்கை அவசியமானதுதான். ஆனால் கல்வி உரிமைக்கு நேர்ந்த இழப்பை அது முழுமையாகச் சொல்வதில்லை. கட்டடம் அப்படியே நிற்கும் பள்ளியிலும் படிப்பு நின்றுபோகிறது. ஆசிரியர் ஊரைவிட்டுப் போயிருப்பார், வகுப்பறைகளில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கும், பள்ளிக்குச் செல்லும் பாதையில் சோதனைச் சாவடி முளைத்திருக்கும், தேர்வை நடத்த வேண்டிய அலுவலகம் பூட்டிக் கிடக்கும். சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று போர் தொடங்கிய ஆறு மாதங்களில், ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருப்பதாக ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் அறிவித்தது. அவர்களில் ஏறத்தாழ 70 லட்சம் பேர் போருக்கு முன்பே பள்ளியை இழந்திருந்தவர்கள். இன்னும் பல லட்சம் பேர், சண்டை அவ்வளவாக எட்டாத பகுதிகளில் பள்ளி எப்போது திறக்கும் என்று காத்திருந்தவர்கள்.

ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், பெற்றோர், முகாம்களில் பணியாற்றும் தன்னார்வலர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. போரை நிறுத்தும் ஆற்றல் இவர்களிடம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு நிரந்தரமாக அறுந்துபோகுமா, சில மாதத் தடைக்குப் பின் தொடருமா என்பதைத் தீர்மானிக்கும் பல வேலைகள் இவர்களின் கைகளிலேயே இருக்கின்றன.

உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது

படைத் தளபதியிடமோ அரசு அலுவலரிடமோ பேச நேரும்போது, கருணையை மட்டும் நம்பிப் பேசுவதைவிட, அவர்களையும் கட்டுப்படுத்தும் விதிகளை அறிந்து பேசுவது உறுதி தரும். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 28ஆவது உறுப்பு கல்வியை ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. போர்க்காலத்தில் இந்த உரிமை இடைநிறுத்தப்படும் என்று அந்த உடன்படிக்கையில் எங்கும் சொல்லப்படவில்லை. அதே உடன்படிக்கையின் 38ஆவது உறுப்பு ஆயுத மோதலில் குழந்தைகளுக்குத் தர வேண்டிய பாதுகாப்பையும், 39ஆவது உறுப்பு பாதிக்கப்பட்ட குழந்தை உடலாலும் மனத்தாலும் மீண்டெழ அரசு செய்ய வேண்டியதையும் கூறுகின்றன.

போர்ச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, ஒரு நிலப்பகுதியைக் கைப்பற்றி வைத்திருக்கும் அரசு அங்குள்ள குழந்தைகளின் கல்வி நிறுவனங்கள் முறையாக இயங்க உதவ வேண்டும் என்று 50ஆவது உறுப்பில் விதிக்கிறது. ஒரு பள்ளி இராணுவ நோக்கத்துக்குப் பயன்படுகிறதா என்பதில் ஐயம் இருந்தால், அப்படிப் பயன்படவில்லை என்றே கருத வேண்டும் என்கிறது ஜெனீவா உடன்படிக்கைகளுடன் 1977ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை. உள்நாட்டுப் போர்களுக்குப் பொருந்தும் இரண்டாம் கூடுதல் நெறிமுறையின் 4ஆவது உறுப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்க வேண்டும் என்பதை அடிப்படை உத்தரவாதங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. இராணுவ இலக்காக இல்லாத கல்விக் கட்டடத்தின் மீது வேண்டுமென்றே தாக்குதல் நடத்துவது, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998ஆம் ஆண்டின் ரோம் சட்டத்தின்படி போர்க்குற்றம். இவற்றை ஒரே தாளில் எழுதிப் பள்ளியில் வைத்திருங்கள். நெருக்கடி வந்த பிறகு தேடுவதற்கு நேரம் இருக்காது.

முதலில் காக்க வேண்டியது பதிவேடுகளை

மோதல் நெருங்குகிறது என்ற அறிகுறி தெரிந்ததும் மேசை, நாற்காலி, கணினி ஆகியவற்றைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். என் கருத்தில் முதல் கவலை பதிவேடுகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். மேசையை யாராவது மீண்டும் வாங்கித் தருவார்கள்; ஆனால் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பு வரை படித்ததற்கு இருந்த ஒரே சான்று எரிந்துபோனால், புதிய ஊரின் பள்ளி அந்தப் பிள்ளையை இரண்டு வகுப்புகள் கீழே அமர்த்தும், அல்லது சேர்க்கவே மறுக்கும். பதினான்கு வயதில் பத்து வயதுப் பிள்ளைகளுடன் உட்கார வைக்கப்பட்டவர்கள், வெட்கத்தால் சில மாதங்களிலேயே பள்ளியைவிட்டு நின்றுவிடுவது உண்டு.

ஆகவே சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல்கள், தேர்வு எண்கள் ஆகியவற்றை ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து, குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள்: ஒன்று பள்ளிக்கு அருகே ஈரமும் தீயும் எளிதில் எட்டாத இடத்தில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், ஒன்று கடவுச்சொல் இட்ட இணையச் சேமிப்பில். படமெடுக்கும்போது பக்க எண்ணும் பள்ளி முத்திரையும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிற்காலத்தில் அந்தப் படத்தின் நம்பகத்தன்மை இந்த இரண்டையும் பொறுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிள்ளைகளின் பெயர், வயது, முகவரி, பெற்றோரின் தொழில், இனம், சமயம் ஆகியவை அடங்கிய பட்டியல், ஆட்சேர்ப்புக்காகவோ பழிவாங்குவதற்காகவோ அலைபவர்களின் கையில் கிடைத்தால் ஆபத்தாகிவிடும். எனவே இணையத்தில் ஏற்றும் பிரதியில் படிப்புக்குத் தேவையான விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இனம், சமயம், வீட்டு முகவரி போன்றவற்றை மறைத்துவிடுங்கள்.

அத்துடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்க அளவில் கல்விச் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுங்கள். பெயர், பிறந்த தேதி, முடித்த வகுப்பு, பயிற்றுமொழி, ஒவ்வொரு பாடத்திலும் எந்த அலகு வரை நடத்தப்பட்டது என்ற குறிப்பு, தலைமையாசிரியரின் கையொப்பம், முத்திரை ஆகியன அதில் இருந்தால் போதும். பாட அலகு பற்றிய குறிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புதிய ஆசிரியருக்கு மதிப்பெண்ணைவிட அதுவே பயன்படும். எங்கே நின்றது என்று தெரிந்தால்தான் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும். இந்தச் சீட்டை நெகிழி உறையில் இட்டு, பிறப்புச் சான்றிதழுடன் சேர்த்து, குடும்பம் அவசரமாக வெளியேறும்போது எடுத்துச் செல்லும் பையில் வைக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

படைகளும் பள்ளியும்

பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இருக்கும், தண்ணீர் இருக்கும், பெரிய அறைகளும் திறந்த மைதானமும் இருக்கும். படைகள் பள்ளியை நாடுவதற்கு இவையே காரணம். ஆனால் வகுப்பறையில் ஆயுதம் வந்து சேர்ந்த கணத்திலிருந்து அந்தக் கட்டடம் சட்டப்படி இராணுவ இலக்காக மாறிவிடக்கூடும். கட்டடத்தின் ஒரு பகுதியில் படையினரும் மறு பகுதியில் மாணவர்களும் இருப்பது மிகவும் மோசமான நிலை. அப்படிப்பட்ட இடத்திற்குப் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சுவார்கள், அந்த அச்சம் நியாயமானது.

2015 மே மாதம் ஓஸ்லோவில் முன்வைக்கப்பட்ட பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தை இதுவரை 120 நாடுகளுக்கு மேல் ஏற்றுள்ளன. அதனுடன் இணைந்த வழிகாட்டு நெறிகள், இயங்கும் பள்ளியைப் படைகள் எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்றும், கைவிடப்பட்ட பள்ளியைக்கூட வேறு வழியே இல்லாத நிலையில் மட்டும், மிகக் குறுகிய காலத்திற்கே பயன்படுத்தலாம் என்றும் கூறுகின்றன. உங்கள் நாடு இதை ஏற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றிருந்தால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் அதைக் குறிப்பிடுங்கள். ஏற்காவிட்டாலும், பள்ளிகளை இராணுவப் பயன்பாட்டுக்கு உட்படுத்துவதைத் தவிர்க்கும்படி எல்லாத் தரப்பினரையும் கேட்டுக்கொள்ளும் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2601ஆம் தீர்மானத்தை மேற்கோள் காட்டலாம்; அது 2021 அக்டோபரில் ஒருமனதாக நிறைவேறியது.

படையினர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டால் தலைமையாசிரியர் தனியாகப் போய்ப் பேச வேண்டாம். ஊர்ப் பெரியவர், சமயத் தலைவர், பெற்றோர் பிரதிநிதி என நான்கைந்து பேர் சேர்ந்து செல்லுங்கள். கோரிக்கை குறிப்பாக இருக்கட்டும்: எந்த நாளுக்குள் வெளியேற வேண்டும், ஏன் அந்த நாள், அவர்கள் தங்குவதற்கு வேறு எந்தக் கட்டடம் காலியாக இருக்கிறது என்பவற்றைச் சொல்லுங்கள். மாற்று இடம் ஒன்றைக் காட்டினால் மறுப்பது கடினமாகும். மாற்று இடமாக நீங்கள் காட்டுவது மருத்துவமனையாகவோ மக்கள் வசிக்கும் வீடாகவோ இருந்துவிடக் கூடாது என்பதில் கவனம் தேவை.

இரு தரப்பிடமும் பேசித் தீர்வு காண முடியும் என்பதற்கு நேபாளம் சான்று. 1996 முதல் 2006 வரை நீண்ட உள்நாட்டுப் போரின்போது, பள்ளிகளை அமைதி வலயங்களாக்கும் முயற்சி அங்கே ஊர் அளவில் தொடங்கியது. அரசுப் படைகளோடும் மாவோயிஸ்டுகளோடும் ஊர் மக்களும் தொண்டு நிறுவனங்களும் பேசி, பள்ளி வளாகத்துக்குள் ஆயுதம் வரக் கூடாது, மாணவர்களை அழைத்துச் செல்லக் கூடாது, அரசியல் நிகழ்ச்சிகளுக்குப் பள்ளியைப் பயன்படுத்தக் கூடாது என்பன போன்ற நடத்தை விதிகளை உருவாக்கினார்கள். ஒப்புக்கொண்ட விதிகளைச் சுவரில் எழுதி வைப்பது எளிய வேலைதான், ஆனால் புதிதாக மாற்றலாகி வரும் படை அதிகாரிக்கு அதுவே முதல் அறிமுகமாக அமையும்.

பள்ளிக்குச் செல்லும் வழி

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தொலைவே பல குடும்பங்களுக்கு உண்மையான தடை. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுடனும் பெரியவர் ஒருவரை அனுப்புங்கள். புறப்படும் நேரத்தையும் பாதையையும் அவ்வப்போது மாற்றுங்கள். தரையில் கிடக்கும் அறிமுகமில்லாத பொருளைத் தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் திரும்பத் திரும்பக் கற்பியுங்கள். கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் நிலத்தில் கிடக்கும். பயிற்சி பெற்றவர்கள் சோதித்து முடிக்கும் வரை, கைவிடப்பட்ட பள்ளி வளாகத்தில் விளையாடவோ துப்புரவு செய்யவோ பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள்.

கட்டடம் இல்லாமல் பாடம் நடத்துதல்

பள்ளிக்கூடம் மூடப்பட்டால் பள்ளியை வீடுகளுக்குக் கொண்டுபோகலாம். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் ஊருக்குள்ளேயே சிறு வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, சேர்க்கை பெருமளவு உயர்ந்தது. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளின் சேர்க்கையே அதிகம் உயர்ந்தது. தொலைவு குறைந்ததே அதற்குக் காரணம். உக்ரைனின் கார்கிவ் நகரில் 2023 செப்டம்பர் முதல் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறைகள் அமைக்கப்பட்டன. இடம் எதுவாக இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: ஆபத்து வந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வெளியேறவோ பதுங்கவோ முடியுமா, பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை உள்ளே நுழைய முடியுமா? மூன்றாவது கேள்வியை நெருக்கடி நேரத்தில் யாரும் கேட்பதில்லை. போரில் காலையோ பார்வையையோ இழந்த பிள்ளைகள் இரண்டாம் முறையாகக் கல்வியை இழப்பது இப்படித்தான்.

ஒரே இடத்தில் பெருங்கூட்டமாகப் பிள்ளைகளைத் திரட்ட வேண்டாம். பத்து பதினைந்து பேர் கொண்ட சிறு குழுக்கள், நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்பது பல இடங்களில் சாத்தியமாகும். எல்லாப் பாடங்களையும் நடத்த முயன்று எதையும் முடிக்காமல் போவதைவிட, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் விடாமல் நடத்துவது நல்லது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் வயதில் ஓராண்டு இடைவெளி விழுந்தால், கற்றதும் மறந்துபோகும். மேல் வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வுப் பாடங்களைத் தன்கற்றல் தாள்களாக வாரந்தோறும் கொடுத்து, விடைகளை அடுத்த வாரம் பெற்றுத் திருத்தித் தரலாம். இணைய வகுப்பை மட்டும் நம்பியிருக்காதீர்கள், ஏனென்றால் மோதலின் முதல் சில நாட்களிலேயே மின்சாரமும் அலைக்கற்றையும் போய்விடக்கூடும். யுனிசெஃப் அனுப்பும் ‘பெட்டிக்குள் பள்ளி’யில் ஓர் ஆசிரியருக்கும் 40 மாணவர்களுக்கும் தேவையான பொருட்கள் இருக்கின்றன; வண்ணம் பூசினால் பெட்டியின் மூடியே கரும்பலகை ஆகிவிடும். அப்படி ஒன்று கிடைக்கும் வரை, கையெழுத்துப் பிரதியும் ஒரு பலகையும் போதும்.

ஆசிரியரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். சம்பளம் நின்றுபோன ஆசிரியர் சில மாதங்கள் தன்னார்வத்துடன் நடத்துவார். பிறகு குடும்பத்தைக் காக்க வேறு வேலை தேடிப் போய்விடுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே உதவி நிறுவனங்களிடம் கோரிக்கை வைக்கும்போது, கூடாரத்துக்கும் புத்தகத்துக்கும் முன்பாக ஆசிரியருக்கான ஊக்கத்தொகையைக் கேளுங்கள்.

இடம்பெயர்ந்த பிள்ளையைச் சேர்ப்பது

எல்லை கடந்து வந்த பிள்ளையாக இருந்தால், 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 22ஆவது உறுப்பு துணைக்கு வரும். தொடக்கக் கல்வியில் அகதிகளைத் தன் குடிமக்களைப் போலவே நடத்த வேண்டும் என்று அது அதில் சேர்ந்துள்ள அரசுகளுக்குக் கூறுகிறது. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்த பிள்ளை அந்நாட்டின் குடிமக்களில் ஒருவரே, ஆகவே அதன் கல்விக்கு அந்த அரசே பொறுப்பு. இருந்தும் மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, வசிப்பிட அத்தாட்சி இல்லை என்று பள்ளி வாசலிலேயே பல பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

அத்தகைய நேரத்தில் தற்காலிகச் சேர்க்கையைக் கேளுங்கள். சான்றுகள் பின்னர் தரப்படும் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். முன்பு கற்பித்த ஆசிரியர் முகாமில் இருந்தால் அவரிடம் உறுதிமொழிக் கடிதம் பெறலாம். அதுவும் முடியாவிட்டால், பிள்ளையை ஒரு சிறு திறனறித் தேர்வு எழுதவைத்து வகுப்பைத் தீர்மானிக்கக் கோரலாம். அந்தத் தேர்வைப் பிள்ளை படித்த மொழியிலேயே வைக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். புதிய மொழியில் வைத்தால் பிள்ளையின் கணக்கறிவு வெளிப்படாது, மொழியறியாமைதான் வெளிப்படும். உயர்கல்வித் தகுதிகளைப் பொறுத்தவரை, ஆவணங்களை இழந்த அகதிகளின் தகுதியை மதிப்பிட நியாயமான வழிமுறை வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை கூறுகிறது. அகதிகளின் கல்வித் தகுதியை மதிப்பிட்டு ஓர் ஆவணமாக வழங்கும் யுனெஸ்கோவின் தகுதிக் கடவுச்சீட்டுத் திட்டமும் அதே நோக்கத்தில் உருவானதே.

பல ஆண்டுகளை இழந்தவர்களுக்குத் துரிதக் கல்வி ஏற்ற வழி. சியரா லியோனில் போரால் படிப்பை இழந்த பிள்ளைகளுக்காக, ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வியை மூன்று ஆண்டுகளில் முடிக்கும் திட்டம் நடத்தப்பட்டது. இத்தகைய வகுப்பில் சேரும் முன், அதன் சான்றிதழை முறைசார் பள்ளி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கப்படாத சான்றிதழுக்காக மூன்று ஆண்டுகள் படித்த பிள்ளையிடம் பிறகு எந்த விளக்கமும் சொல்ல முடியாது.

மனக் காயத்துடன் வரும் பிள்ளை

சத்தம் கேட்டால் மேசைக்கடியில் ஒளியும் பிள்ளை, நாள் முழுவதும் பேசாமலிருக்கும் பிள்ளை, காரணமின்றி அடித்துவிடும் பிள்ளை ஆகியோரை ஒழுங்கீனம் என்று தண்டிக்காதீர்கள். நடந்ததை விவரிக்கும்படி வகுப்பில் கேட்பதும், பார்த்த கொடுமையை வரையச் சொல்வதும் தீங்கு செய்யக்கூடும்; பிள்ளை தானாகச் சொல்ல வந்தால் மட்டும் அமைதியாகக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே பாடலுடனோ ஒரே விளையாட்டுடனோ வகுப்பைத் தொடங்குவது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். எல்லாம் குலைந்த உலகில், அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரே இடமாக வகுப்பறை அமைகிறது. பல வாரங்களாகியும் உறக்கமின்மையோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதோ தொடர்ந்தால், மருத்துவ உதவியுடன் இணைத்துவிடுங்கள்.

தாக்குதலைப் பதிவு செய்தல்

பள்ளி தாக்கப்பட்டால், ஆபத்து நீங்கிய பிறகு, நாள், நேரம், இடம், கட்டடத்தின் எந்தப் பகுதி சேதமடைந்தது, அப்போது உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், அருகில் படை முகாம் ஏதும் இருந்ததா என்பவற்றை எழுதி வையுங்கள். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே குறியுங்கள். தாக்கியவர் யார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகத்தை எழுதாதீர்கள். ஒரு தவறான குற்றச்சாட்டு மற்ற பத்து உண்மைகளையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். காயமுற்ற பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்துப் பரப்ப வேண்டாம், பிள்ளைகளிடம் நேரடியாக வாக்குமூலம் வாங்கவும் வேண்டாம்.

ஆயுத மோதலில் குழந்தைகளுக்கு எதிரானவை என ஐ.நா. வகுத்துள்ள ஆறு கொடிய மீறல்களில் பள்ளிகள், மருத்துவமனைகள் மீதான தாக்குதலும் ஒன்று. பாதுகாப்புச் சபையின் 2005ஆம் ஆண்டின் 1612ஆம் தீர்மானம் இவற்றைக் கண்காணிக்கும் அமைப்பை நிறுவியது; 2011ஆம் ஆண்டில் நிறைவேறிய, 1998 என்ற எண் கொண்ட தீர்மானத்துக்குப் பின், பள்ளிகளைத் தொடர்ந்து தாக்கும் தரப்பின் பெயர் ஐ.நா. பொதுச்செயலரின் ஆண்டறிக்கைப் பட்டியலில் சேர்க்கப்படலாம். உங்கள் நாட்டில் இந்தக் கண்காணிப்பு நடைபெறுகிறதென்றால், யுனிசெஃப் அலுவலகத்தின் வழியாகத் தகவல் தரலாம். தகவல் தருபவரின் பாதுகாப்பு கேள்விக்குறியாகும் நிலையில், காத்திருந்து பிறகு தருவதில் தவறில்லை.

மீண்டும் திறக்கும்போது

பள்ளி திறக்கும் நாளில் வந்தவர்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், வராதவர்களின் பட்டியலையும் எழுதுங்கள். ஆயுதக் குழுவிலிருந்து மீண்ட பிள்ளை அவமானத்தால் தயங்கலாம். தம்பி தங்கையரைப் பராமரிக்கும் சிறுமியை வீட்டார் அனுப்பாமல் இருக்கலாம். திருமணம் செய்துவைக்கப்பட்ட பெண்ணும், கூலி வேலைக்குப் போய்விட்ட பையனும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆசிரியர் ஒருவரும் பெற்றோர் ஒருவரும் சேர்ந்து செல்லுங்கள். ஆயுதக் குழுவில் இருந்த பிள்ளையை வகுப்பில் தனியாகச் சுட்டிக்காட்டாமல், மற்றவர்களைப் போலவே அமர்த்துங்கள். காலையில் வர முடியாதவர்களுக்கு மாலை வகுப்பும், கைக்குழந்தையுடன் வரும் இளம் தாய்க்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் கிடைத்தால், பாதிப் பேராவது திரும்பும் வாய்ப்பு உண்டு.

தேடியும் கிடைக்காத பிள்ளைகளின் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் கோடிட்டு அடித்துவிட வேண்டாம். பெயருக்கு எதிரே ‘இடம்பெயர்ந்தார்’ என்று எழுதி, கடைசியாக அறிந்த இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டிலிருந்து சான்று கேட்டு ஒரு கடிதம் வந்தால், அதற்கு விடை எழுத அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கும்.